வராத சைக்கிளும் பிடிக்காத பிரேக்கும்

பெரிய வகுப்புப் பையன்களின் பேச்செல்லாம் இப்போது 32 அங்குலச் சில்லு பற்றித்தான். இனி மவுண்டன் பைக் எல்லாம் அப்படித்தான் வருமாம், 29 அங்குலத்தின் கதை முடிந்ததாம். யூடியூப்பில் பார்த்தார்களாம்.

பெரிய சில்லு கல்லிலும் குழியிலும் இலகுவாக ஏறிப் போகும், உண்மைதான். ஆனால் ரிம், டயர், ஃபோர்க், ஃபிரேம் எல்லாமே அதற்கேற்ப மாற வேண்டும். கட்டையான ஆட்களுக்கு அது பொருந்துவதும் கஷ்டம்.

இப்படியான வதந்திகள் பல, காப்புரிமைப் படங்களிலிருந்து கிளம்புகின்றன. தன் யோசனையை இன்னொருவர் எடுத்துவிடாமல் இருக்கவே கம்பனி காப்புரிமை எடுக்கிறது. கடைக்கு வரும் என்ற வாக்குறுதி அதில் இல்லை. ஸ்ரம் 2019இல் மவுண்டன் பைக்குக்கு வயரில்லாத கியர் கொண்டுவந்தது. அடுத்தது ஷிமானோதான் என்றார்கள். வந்தது 2025இல், அதுவும் விலை கூடிய மாடல்களில். பத்தாம் வகுப்பில் காத்திருக்கத் தொடங்கியவன் அதற்குள் வேலைக்கே போயிருப்பான்.

நம்மூர் மழை உங்களுக்குத் தெரியும். ரிம் நனைந்தால் ரப்பர் பிரேக் கட்டை சரியாகப் பிடிக்காது. தோட்டத்து இறக்கத்தில் அது உயிர்ப் பிரச்சினை. டிஸ்க் பிரேக் சில்லின் நடுவில் இருப்பதால் தண்ணீரும் சேறும் அவ்வளவு பாதிக்காது. வயரில் இயங்கும் சாதாரண டிஸ்க் பிரேக் மலிவான சைக்கிள்களிலும் இருக்கிறது. இது வதந்தியல்ல.

வரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது சூரத்துல் ஹுஜுராத். சைக்கிள் செய்திக்கும் அது பொருந்தும்.

பெற்றோரே, புதுச் சைக்கிள் பற்றி ஆறுதலாக யோசிக்கலாம். தேய்ந்த பிரேக் கட்டையை இந்தக் கிழமையே மாற்றிக் கொடுங்கள்.