தோட்ட வாசலோடு நின்றுபோன தொழிற்கட்சி

கோல குபு பாரு சட்டமன்ற இடைத்தேர்தல் 2024 மே மாதம் நடந்தபோது, பிரச்சாரத்தில் அடிக்கடி அடிபட்டது ஐந்து தோட்டங்களின் வீட்டுப் பிரச்சினை. மேரி, சுங்கை திங்கி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய தோட்டங்களின் 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தவை. தேர்தல் வந்தது, அடிக்கல்லும் வந்தது. ஜசெக வேட்பாளர் பாங் சோக் தாவ் 3,869 வாக்குப் பெரும்பான்மையில் வென்றார்.

பால்மரம் வெட்டியவர்களின் வீட்டு உரிமை ஏன் எப்போதும் தேர்தல் நேரத்துக் கொடையாகவே வந்து சேர்கிறது? இதற்குப் பதில் தேட 1950களுக்குப் போக வேண்டும். தொழிலாளர் நலனையே அரசியலாக்க முயன்ற ஒரு கட்சி அப்போது இந்த நாட்டில் இருந்தது. இன்றைய தலைமுறைக்கு அதன் பெயரே தெரியாது.

1952இல் தொடங்கப்பட்டு, பின்னர் மலாயா தொழிற்கட்சி என்று பெயர் பெற்ற கட்சி அது. பிரிட்டிஷ் தொழிற்கட்சியைப் பார்த்து உருவான மிதவாத சோசலிசக் கட்சி. ஆரம்பத்தில் அதை நடத்தியவர்களில் ஆங்கிலம் படித்த தொழிற்சங்கவாதிகளும் ஆசிரியர்களும் அதிகம். ஜார்ஜ்டவுன் மாநகரின் முதல் மேயரான டி.எஸ்.இராமநாதன் அந்தக் கட்சிக்காரர்தான். 1955 தேர்தலில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. வாக்காளர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர்கள். தோட்டத்து மக்களில் பெரும்பாலோருக்கு அப்போது வாக்குரிமையே கிடையாது.

சுதந்திரம் கிடைத்த அதே 1957 ஆகஸ்டில் அகமட் போஸ்தமாமின் மக்கள் கட்சியோடு சேர்ந்து சோசலிஸ்ட் முன்னணி அமைந்தது. 1959 தேர்தலில் முன்னணிக்கு 8 நாடாளுமன்ற இடங்கள். மூன்று பினாங்கில், ஐந்து நம் சிலாங்கூரில்! பங்சாரில் வி.டேவிட், டாமன்சாராவில் கரம் சிங், செத்தாப்பாக்கில் போஸ்தமாம், அத்துடன் பத்து, ரவாங். பினாங்குப் பக்கம் செபராங் செலாத்தானில் வென்றவர் வி.வீரப்பன்.

ரவாங்கை வென்ற கட்சியால் அதற்கு வடக்கே இருந்த உலு சிலாங்கூரையோ, மேற்கே இருந்த கோல சிலாங்கூரையோ பிடிக்க முடியவில்லை. ரவாங்கில் பட்டணமும் ஈயச் சுரங்கமும் புதுக்கிராமமும் இருந்தன. அங்கே கூட்டம் போடலாம், கதவைத் தட்டலாம். ராசாவிலும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் சாலையை விட்டு இறங்கினால் தோட்டம். தோட்டம் கம்பெனியின் சொந்த நிலம். துரை அனுமதித்தால்தான் வெளியாள் லயத்துக்குள் கால் வைக்கலாம்.

வாசல் மட்டும் தடை அல்ல, பயமும் இருந்தது. 1941இல் கிள்ளானில் தொடங்கி கோல சிலாங்கூர் வரை பரவிய வேலைநிறுத்தத்தை இந்த வட்டாரத்துப் பெரியவர்கள் மறக்கவில்லை. கூலி உயர்வோடு, துரை வரும்போது சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்பதும் அவர்களின் கோரிக்கை. படையை இறக்கிச் சுட்டார்கள். ஐந்து பேர் மாண்டனர். 1949இல் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி தூக்கிலிடப்பட்டார். அவசரகாலம் முடியாத அந்த நாளில் 'சோசலிசம்' என்ற சொல்லை லயத்தில் யார் உரக்கப் பேசுவார்?

அந்த வெற்றிடத்தை 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் நிரப்பியது. பி.பி.நாராயணன் தலைமையில் அது கூலிப் பேச்சுவார்த்தையைப் பார்த்துக்கொண்டது. எதிர்க்கட்சி அரசியலிலிருந்து ஒதுங்கி நின்றது. அரசியலை ம.இ.கா. பார்த்துக்கொண்டது. தோட்டத் துண்டாடலில் மக்கள் தெருவுக்கு வந்தபோது துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்திலேயே தோட்டங்களை வாங்கினார். நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் விற்கப்பட்ட தோட்டங்கள் ஏராளம், வாங்க முடிந்தவை கொஞ்சம். துண்டாடலைச் சட்டத்தால் நிறுத்து என்று வலுவாகக் கேட்க வேண்டிய குரல் நாடாளுமன்றத்தில் சிறிதாகவே இருந்தது.

அந்தச் சிறு குரலும் நீடிக்கவில்லை. மலேசியா அமைப்பை முன்னணி எதிர்த்தது. இந்தோனேசியாவுடன் மோதல் மூண்டதும் அதற்கு எதிரியின் ஆள் என்ற முத்திரை விழுந்தது. போஸ்தமாம் 1963இல் கைதானார். 1964 தேர்தலில் மிஞ்சியது 2 இடங்கள்தான். பங்சாரில் டேவிட்டைத் தோற்கடித்தவர் தேவன் நாயர்; தீபகற்பத்தில் மக்கள் செயல் கட்சி வென்ற ஒரே இடம் அது. இரண்டு தொழிற்சங்கவாதிகள், இரண்டு இடதுசாரிச் சின்னங்கள், ஒரே தொகுதி! தேவன் நாயரின் கட்சிக் கிளைதான் பிறகு 1966இல் ஜசெக ஆனது. டேவிட் கெராக்கான் வழியாக அதே ஜசெகவில் போய்ச் சேர்ந்தார்.

கட்சியின் மீதுள்ள பழியையும் சொல்ல வேண்டும். கைது நடவடிக்கைகளுக்குப் பிறகு மிதவாதிகள் விலக, தீவிரப் போக்கினர் கை ஓங்கியது. 1969 பொதுத் தேர்தலை அது புறக்கணித்தது. வாக்குச் சீட்டு கையில் கிடைக்கத் தொடங்கிய தோட்ட மக்களிடம், வாக்களிக்காதே என்று சொன்ன தொழிலாளர் கட்சி! அதற்குச் சற்று முன், 1967இல் மலாக்காவின் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் கோலாலம்பூருக்கு நடந்தே வந்தார்கள். அந்தக் கோபத்தைத் தேர்தல் அரசியலுக்குக் கொண்டுவர 1969இல் கட்சி களத்தில் இல்லை. 1972இல் அதன் பதிவும் ரத்தானது.

இதைவிடப் பெரிய இழப்பு ஊராட்சித் தேர்தல். தொழிற்கட்சி உண்மையில் ஆண்டு காட்டியது ஜார்ஜ்டவுன் மாநகர மன்றத்தைத்தான். 1965இல் மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. மீண்டும் நடத்தலாம் என்று பரிந்துரைத்த அரச ஆணையத்தின் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன், ம.இ.கா.காரர். அரசாங்கம் கேட்கவில்லை, 1976 சட்டம் அந்தக் கதவையே மூடிவிட்டது.

தோட்டங்களுக்கு அந்தக் கதவும் திறந்திருந்ததில்லை. தனியார் நிலம் என்பதால் சாலை, குடிநீர், வீடு எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு என்று அரசாங்கம் பல காலம் ஒதுங்கியே நின்றது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டம் கைமாறி, வேலையும் போனபோது, லயத்தில் இருந்தவருக்குக் கேட்க நிர்வாகமும் இல்லை, நகராண்மைக் கழகமும் இல்லை. ஐந்து தோட்டங்களின் கதை அப்படித்தான் இருபது ஆண்டுகளைத் தாண்டியது.

ஜசெகவும் கெஅடிலானும் சிலாங்கூரை ஆளத் தொடங்கியது 2008இல். ஊராட்சித் தேர்தலை மீட்போம் என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. இன்றும் உலு சிலாங்கூர், கோல சிலாங்கூர் நகராண்மைக் கழக உறுப்பினர்கள் மாநில அரசு நியமிப்பவர்கள்தான். ராசாவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் மக்கள் போய் நிற்பது, தாங்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர் முன்னால்.