வார்டுகள் மாறுகின்றன, தேர்தல் மட்டும் வருவதில்லை

பெங்களூரின் லிங்கராஜபுரம், தமிழும் கன்னடமும் உருதுவும் தெலுங்கும் பேசும் உழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் பகுதி. மாநகராட்சியின் 198 வார்டுகளில் 49ஆவது வார்டாக அது இருந்தது. 2020 செப்டம்பர் 10 அன்று மாமன்றத்தின் பதவிக்காலம் முடிவுற்றது. ஐந்தாண்டுகள் கடந்தும் அந்த வார்டுக்கு மாமன்ற உறுப்பினர் இல்லை. சாக்கடை அடைத்துக்கொண்டாலும் குப்பை குவிந்தாலும் மக்கள் அதிகாரியின் அறை வாசலிலோ, சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்திலோதான் காத்து நிற்க வேண்டியுள்ளது.

தேர்தல் ஏன் நடக்கவில்லை? ஆட்சியாளர்கள் ஒவ்வொரு முறையும் சொன்ன பதில் ஒன்றுதான்: சட்டத்தில் ஒரு சிறு திருத்தம், எல்லைகளில் ஒரு சிறு சீரமைப்பு. பதவிக்காலம் முடிந்த சில வாரங்களிலேயே அன்றைய பாஜக அரசு வார்டுகளின் எண்ணிக்கையை 243 ஆக உயர்த்தச் சட்டத்தைத் திருத்தியது. 198 வார்டுகளின் அடிப்படையிலேயே தேர்தல் நடத்த வேண்டும் என்று 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது; அரசு உச்ச நீதிமன்றம் சென்று தடை பெற்றது. 2023இல் காங்கிரஸ் ஆட்சியில் 243 என்பது 225 ஆனது. பின்னர் கிரேட்டர் பெங்களூரு ஆளுகைச் சட்டம் வந்தது. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. வார்டுகள் 369 ஆயின. லிங்கராஜபுரம் இப்போது வடக்கு மாநகராட்சியின் பகுதி.

எல்லைகளை மாற்றுவதே தவறு என்பதல்ல வாதம். 198 வார்டுகள் 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி வகுக்கப்பட்டவை. நகரம் அதன்பின் பலமடங்கு விரிந்துவிட்டது. ஆனால், பதவிக்காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 243யு பிரிவு இடும் கட்டளை. வார்டு மறுவரையறையைக் காரணம் காட்டி அதைத் தள்ளிப்போடக் கூடாது என்று கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஐந்தாண்டுக் காலத்தில் செய்திருக்க வேண்டிய வேலையைக் காலம் முடிந்தபின் தொடங்குவது நிர்வாகத் தேவை அல்ல, அரசியல் முடிவு.

இது கர்நாடகத்தின் நோய் மட்டுமல்ல. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நகராட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. மாவட்டங்கள் பிரிக்கப்பட்டதால் விழுப்புரம், வேலூர், நெல்லை உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களின் ஊரகத் தேர்தல் 2021 அக்டோபர் வரை நீண்டது. மாறாக, கேரளத்திலும் வார்டுகள் மறுவரையறை செய்யப்பட்டன. 2025 டிசம்பரில் உரிய காலத்தில் வாக்குப்பதிவும் நடந்தது. மறுவரையறையும் தேர்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பெங்களூருச் சட்டத்தில் இன்னொரு சிறு திருத்தமும் கவனத்திற்குரியது. ஐந்து மாநகராட்சிகளுக்கும் மேலே, முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட ஆணையம் அமர்த்தப்பட்டுள்ளது. இது 74ஆவது திருத்தத்திற்கு முரணானது என்ற விமர்சனம் எழுந்தது. மாநகராட்சிகளின் பணியில் ஆணையம் தலையிடாது என்று விளக்கும் திருத்தம் 2025 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. ஆயினும் நகரத் திட்டமிடல் ஆணையத்தின் கையில்தான் இருக்கிறது. பன்னிரண்டாம் அட்டவணையின் முதல் இனமே நகரத் திட்டமிடல்தான். நிலத்தின் பயன்பாட்டையும் பெருந்திட்டங்களையும் மேலே முடிவு செய்துவிட்டு, குப்பையையும் தெருவிளக்கையும் கீழே விட்டுவைப்பது அதிகாரப் பரவல் ஆகாது. நிலவணிக மூலதனத்திற்குத் தேவைப்படுவதும் இத்தகைய ஏற்பாடுதான்: நூற்றுக்கணக்கான மக்கள் பிரதிநிதிகளுக்குப் பதில் சொல்வதைவிட ஒரே மேசையில் பேரம் முடிப்பது எளிது.

ஆகவே, தொழில்நுட்பத் திருத்தம் என்ற பெயரில் வரும் அரசிதழ் அறிவிப்புகளைத் தோழர்கள் வரிவரியாகப் படிக்க வேண்டும். எந்தத் தெரு எந்த வார்டில் சேர்கிறது, எந்தக் குடிசைப் பகுதி இரண்டாகக் கிழிக்கப்படுகிறது, தலித் மக்களுக்கும் பெண்களுக்கும் உரிய இடங்கள் எங்கே ஒதுக்கப்படுகின்றன, வாக்காளர் பட்டியலில் யார் விடுபடுகிறார்கள் என்பவை கிளைக் கூட்டங்களின் விவாதப் பொருளாக வேண்டும். தேர்தல் தேதியை உடனே அறிவிக்க வேண்டும். பதவிக்காலத்தின் கடைசி ஆண்டில் வார்டு எல்லைகளைத் தொடக்கூடாது எனச் சட்டத்திலேயே எழுத வேண்டும். திட்டமிடும் அதிகாரத்தை மாமன்றங்களிடம் ஒப்படைக்க வேண்டும். உண்மையில் தேவையான திருத்தங்கள் இவையே.