ஆயிரம் ரூபாயும் அட்வான்ஸும்: சிவகாசிப் பெண்களின் கைக்கு வரும் இருவேறு பணம்

"ஆயிரம் ரூபாயில என்ன ஆகிடப் போகுது?"

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை பற்றி இந்தக் கேள்வியை நீங்களும் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். சென்னையில் இரண்டு பேர் மல்டிப்ளெக்ஸில் ஒரு படம் பார்த்து பாப்கார்ன் வாங்கினால் காலியாகிற தொகைதான். ஆனால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு ஆலைக்குப் போகும் ஒரு பெண்ணிடம் இதே கேள்வியைக் கேட்டால், பதில் வேறு மாதிரி வரும். காரணம், அவருடைய காலண்டர் நம்முடையது மாதிரி இல்லை.

முதலில் திட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2021 தேர்தல் நேரத்தில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று தி.மு.க அறிவித்தது. அடுத்த நாளே அ.தி.மு.க 1,500 என்றது. ஆட்சிக்கு வந்த தி.மு.க, 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் திட்டத்தைத் தொடங்கியபோது பயனாளிகள் சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர். 2025 டிசம்பரில் விரிவாக்கிய பிறகு ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் கரன்ட் செலவாகக் கூடாது என்றெல்லாம் தொடக்கத்தில் நிபந்தனைகள் வைத்தார்கள். பெயரையும் கவனியுங்கள். 'உதவித் தொகை' இல்லை, 'உரிமைத் தொகை'. சம்பளமே இல்லாமல் வீட்டில் பெண்கள் பார்க்கும் வேலைக்கான அங்கீகாரம் என்பது அரசு சொன்ன விளக்கம்.

இப்போது சிவகாசிக்கு வருவோம்.

விருதுநகர் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. அங்கே வருடம் என்பது தீபாவளியில் முடிந்து தீபாவளிக்குப் பிறகு தொடங்குவது. பண்டிகைக்கு முன் போனஸ், கையில் காசு, வீட்டில் புதுத்துணி. அது முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் பூட்டப்படும். அதோடு வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். செய்த வெடியை வெயிலில் காயவைத்தால்தான் அடுத்த வேலை. மேகம் மூடினால் கூலியும் மூடிக்கொள்ளும். பெரும்பாலும் பீஸ் ரேட். எத்தனை சக்கரம், எத்தனை புஸ்வாணம், எத்தனை சரம் என்று எண்ணித்தான் காசு. இதற்கு நடுவே எங்காவது விபத்து நடந்தால் ஆய்வுக் குழு வரும், உரிமம் நிறுத்தப்படும், அங்கே வேலை செய்தவர்களுக்கு அன்றிலிருந்து வருமானம் இல்லை. சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் உச்ச நீதிமன்றம் தடை போட்ட 2018-ல், தீபாவளி முடிந்து மூடிய ஆலைகள் திறக்கவே மாதக்கணக்கானது.

அந்த மாதங்களில் அரிசிக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் பணம் எங்கிருந்து வரும்? இங்கேதான் 'அட்வான்ஸ்' வருகிறது.

யோசித்துப் பார்த்தால், இந்த ஊருக்கு நேரடிப் பணம் புதிதல்ல. அரசு கொடுக்க ஆரம்பிப்பதற்குப் பல வருடங்கள் முன்பே ஆலைத் தரப்பு கொடுத்துக்கொண்டிருக்கிறது. முன்பணம் மொத்தமாக, ஆயிரக்கணக்கில் வரும். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என எதற்கும் உடனே கிடைக்கும். பேங்க்கில் கேட்கும் பேப்பர் எதுவும் வேண்டாம். ஒரே நிபந்தனை, வாங்கியவர் அந்த ஆலைக்குத்தான் வேலைக்கு வர வேண்டும். பக்கத்து ஆலையில் கூலி கூட என்றாலும் போக முடியாது. கணக்குத் தீர்ந்தால்தான் கால் நகரும். தீர்வதற்குள் அடுத்த செலவு வந்துவிடும், அடுத்த அட்வான்ஸும் வந்துவிடும்.

இந்த இரண்டு பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசின் பணம் சின்னது, கயிறு இல்லாதது. ஆலையின் பணம் பெரியது, கயிறு கட்டியது. ஆயிரம் ரூபாயின் உண்மையான மதிப்பு அந்தக் கயிற்றை எவ்வளவு தளர்த்துகிறது என்பதில் இருக்கிறது. வீட்டுக்கு எத்தனை கிலோ பருப்பு வாங்கலாம் என்ற கணக்கு அதற்குப் பிறகுதான்.

எவ்வளவு தளர்த்துகிறது? வெளிப்படையாகச் சொன்னால், கொஞ்சம்தான். வேலையையும் ரகத்தையும் பொறுத்து, ஆயிரம் ரூபாய் என்பது இரண்டு அல்லது மூன்று நாள் கூலி. அதாவது மாதத்தில் இரண்டு நாள் "இன்னைக்கு நான் வரலை" என்று சொல்வதற்கான காசு. நம்மில் பலருக்கு இது ஒரு கேஷுவல் லீவ். பட்டாசு அறைக்குள் இதற்கு வேறு அர்த்தம். நான்கு பேர் உட்கார வேண்டிய அறையில் ஏழெட்டுப் பேரை உட்காரவைப்பது, உரிமம் ஒருவர் பெயரில் இருக்க வேறொருவருக்கு உள்குத்தகை விடுவது ஆகியவை விபத்துக்குப் பின் வரும் செய்திகளில் திரும்பத் திரும்பப் படிக்கும் காரணங்கள். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். ரூல் மீறல் அங்கே வேலை செய்கிறவர்கள் கண்ணில் படாமல் இருக்காது. தெரிந்தும் உள்ளே போகவைப்பது, நாளைக்கு அடுப்பு எரிய வேண்டுமே என்ற கவலை. இரண்டு நாள் கூலி அந்தக் கவலையை முழுதாகத் தீர்க்காது.

அச்சங்குளம் விபத்துக்குப் பின் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மாநில அரசு 3 லட்சம், பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சம் என்று அறிவிக்கப்பட்டது. அதுவும் நேரடிப் பணம்தான். உயிரோடு இருக்கும்போது ஆயிரத்தில் வருவது, போன பிறகு லட்சத்தில் வருகிறது. இந்த வித்தியாசம் எனக்கு எப்போதும் உறுத்தும்.

இன்னொரு பழைய கதையும் உண்டு, பலருக்கு ஞாபகம் இருக்காது. சிவகாசியில் குழந்தைத் தொழிலாளர்கள் பற்றி வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு வேலை கொடுக்க முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அதன் வட்டி, குழந்தை பள்ளிக்குப் போகும்வரை குடும்பத்துக்கு. 25,000-க்கு 10 சதவிகிதம் வட்டி என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 200 ரூபாய் சொச்சம்தான். தீர்ப்பு காகிதத்தில் இருந்த அளவுக்குக் களத்தில் நடக்கவில்லை. ஆனால் 'பிள்ளை படிக்க, வீட்டுக்குப் பணம்' என்ற யோசனை அப்போதே இந்த மண்ணை மனதில் வைத்து எழுதப்பட்டுவிட்டது.

2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டம் ஏறக்குறைய அதே யோசனைதான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய், அவள் கணக்கிலேயே. 2024-ல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இதைப் படிக்கும் உங்களில் சிலர் அதை வாங்கிக்கொண்டிருக்கலாம். அம்மாவுக்கு ஆயிரம், மகளுக்கு ஆயிரம் என்று ஒரே வீட்டுக்கு வரும்போது கணக்கு கொஞ்சம் மாறுகிறது. பிளஸ் டூ முடித்த பெண்ணைக் காலையில் ஆலை வேனில் ஏற்றுவதா, காலேஜ் பஸ்ஸில் ஏற்றுவதா என்ற பேச்சில் இந்தப் பணத்துக்கும் ஓர் ஓட்டு கிடைக்கிறது.

"எல்லாம் டாஸ்மாக்குக்குத்தான் போகும்" என்பவர்களுக்கு ஒரு தகவல். உலக வங்கி ஆய்வாளர்கள் டேவிட் எவான்ஸும் அன்னா போபோவாவும் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை 2014-ல் தொகுத்துப் பார்த்தார்கள். நேரடிப் பணத்தால் குடியும் புகையும் கூடியதற்கு ஏறக்குறைய எந்த ஆதாரமும் இல்லை. மத்தியப் பிரதேச கிராமங்களில் சேவா அமைப்பு 2011 வாக்கில் மாதாமாதம் பணம் கொடுத்துப் பார்த்ததில், மக்கள் கூலி வேலையைக் குறைத்துச் சொந்த நிலத்தில் கூடுதலாக உழைத்தது தெரியவந்தது. ஆனால் இதை அப்படியே சிவகாசிக்குக் கொண்டுவர முடியாது. இது மானாவாரிக் கரிசல் பூமி. மழை பொய்த்ததால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே பிழைப்பாயின. திரும்பிப் போக எத்தனை பேருக்கு விளையும் நிலம் இருக்கிறது?

பணம் ஏறுவதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. 2023-ல் முதல் தவணை ஏறியதுமே, மினிமம் பேலன்ஸ் இல்லை என்று சில வங்கிகள் அந்த ஆயிரத்திலேயே கை வைத்தன. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று அப்போது நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு எச்சரிக்க வேண்டியிருந்தது. அவர் இதே மாவட்டத்தின் திருச்சுழி தொகுதிக்காரர். உங்கள் வீட்டிலும் ஒருமுறை அம்மாவின் பாஸ்புக்கைப் பிரின்ட் போட்டுப் பாருங்கள். எஸ்.எம்.எஸ் கட்டணம், இன்ஷூரன்ஸ் என்று ஏதாவது போயிருந்தால் அந்த வங்கியிலேயே எழுதிக் கேட்கலாம்.

கடைசியாக ஓர் ஒப்பீடு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் மீன்பிடித் தடை. அந்தக் காலத்துக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக உயர்த்துவதாக 2023-ல் அறிவித்தார்கள். வேலை இல்லாத மாதம் எது என்று தெரிந்து, அந்த மாதத்துக்கென்று தரும் பணம் அது. பட்டாசுத் தொழிலாளிக்கும் வேலை இல்லாத மாதம் எது என்று ஊருக்கே தெரியும். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர்களுக்கு என்று தனி நல வாரியமும் இருக்கிறது. தீபாவளி முடிந்த மறுவாரம் அதன் வழியாக ஒரு தொகை வந்தால், அட்வான்ஸ் கேட்டு ஆலை வாசலில் நிற்கும் அவசரம் சில வீடுகளிலாவது குறையும்.