மயிலுக்கு யார் தீனி போடுவது?

சிங்கப்பூரில் நாங்கள் இருந்த எட்டு வருசமும் எங்களை எழுப்பிவிட்டது குயில்தான். அங் மோ கியோவில் ஒன்பதாவது மாடி வீடு. இருட்டு விலகுமுன்பே கூவ ஆரம்பித்துவிடும். குயில் தூங்கவிடவில்லை என்று புகார் கொடுக்கிற ஆட்களும் அங்கே உண்டு. முதல்தடவை கேள்விப்பட்டபோது நாங்கள் சிரித்தோம்.

வீட்டு வாசலில் நாலு தொட்டி வைத்திருந்தேன். கறிவேப்பிலை, கற்பூரவல்லி, மிளகாய். அதற்கு மண்ணைக் கடையில் பையில் வாங்கினோம். கரிசலில் பிறந்தவள், மண்ணுக்குக் காசு கொடுப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பீஷான் பூங்காவுக்குப் போவோம். அங்கே காலாங் ஆறு ஒருகாலத்தில் வெறும் சிமெண்டு வாய்க்கால். அந்தச் சிமெண்டை உடைத்தெடுத்து, கல்லும் செடியும் கொண்டு கரை கட்டி, சுமார் 3 கிலோமீட்டருக்கு வளைந்து ஓடும் ஆறாக்கி 2012-ல் திறந்தார்கள். மழை வந்தால் தண்ணீர் பரவ பூங்காவுக்குள்ளேயே இடம் விட்டிருக்கிறார்கள். 1970-களில் அந்த நாட்டில் காணாமல் போன நீர்நாய்கள் பிறகு திரும்பி வந்தன. இந்த ஆற்றிலும் குடும்பம் குடும்பமாக மீன் பிடித்துத் தின்னும். பிள்ளைகள் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதே நீர்நாய்கள் சில வீடுகளின் தொட்டிக்குள் புகுந்து அலங்கார மீன்களைத் தின்றபோது அதற்கும் புகார் வந்தது. ஆனால் அலங்கார மீன் போனதால் யார் வீட்டு அடுப்பும் அணையவில்லை.

மாமாவுக்கு வயசாகிவிட்டதால் ஊருக்குத் திரும்பினோம். எட்டயபுரம் பக்கம் நாலு ஏக்கர் மானாவாரிக் கரிசல். ரசாயனம் இல்லாமல் செய்கிறோம். மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பதுதான் இங்கே முறை. கம்பு, உளுந்து, பாசி கலந்து விதைத்தோம். மழை பத்து நாள் தள்ளிப்போனது. அதற்குள் மயில் இறங்கிவிட்டது. ஒருநாள் காலையில் எண்ணினேன், பதினேழு. பையன் கைதட்டிக் குதித்தான்.

"ஏலே, நீ மயிலப் பாக்க. மயிலு நம்ம உளுந்தப் பாக்குது" என்றார் தாத்தா.

ரெண்டு ஏக்கரில் மறுபடி விதைத்தோம். அந்த வாரமே ஓடையோரம் மூணு மயில் செத்துக் கிடந்தது. தானியத்தில் விஷம் கலந்து வைத்திருக்கிறார்கள். பையன் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "யாரும்மா செஞ்சது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். யாரென்று எனக்கு ஓரளவு தெரியும். நகையை அடகு வைத்து மக்காச்சோள விதை வாங்கினவர். அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை, செய்தது சரியென்று சொல்லவும் வாய் வரவில்லை.

யோசித்துப் பார்த்தேன். எங்களுக்கும் அவருக்கும் நட்டம் ஒன்றுதான். எங்கள் வீட்டில் குதிரில் விதை இருந்தது, மறுபடி விதைத்தோம். அவர் மறுபடி கடனுக்குப் போக வேண்டும். நம்மாழ்வார் ஐயா 1963-ல் வேலைக்குச் சேர்ந்தது இதே கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில்தான். மழையை நம்பிய நிலத்துக்கு விலை கொடுத்து வாங்கும் இடுபொருள் கட்டுபடியாகாது என்று கண்டுதான் அந்த வேலையை விட்டார். மயில் விஷயத்திலும் அதுவே உண்மை. சொந்த விதை இருக்கிறவனால்தான் பறவைக்குப் பங்கு கொடுக்க முடியும். கடன் விதை போட்டவனுக்கு ஒவ்வொரு மயிலும் வட்டிக்காரனாகத் தெரியும்.

அதற்காகப் பாரம் முழுவதையும் சம்சாரி தலையில் வைப்பதும் நியாயமில்லை. மயில் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டம் அதைக் காக்கிறது. காக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் நாட்டுக்கே சொந்தமான பறவைக்கு நாலு ஏக்கர்க்காரன் மட்டும் தீனி போட வேண்டுமா? சேதத்தை அதிகாரிகள் வயலுக்கு வந்து பார்த்து, அடுத்த விதைப்புக்கு முன்னால் பணம் கைக்கு வர வேண்டும். பக்கத்து ஓடைகளையும் மீட்க வேண்டும். சிங்கப்பூர்க்காரர்கள் சிமெண்டை உடைக்க வேண்டியிருந்தது. நமக்கு ஆக்கிரமிப்பையும் சீமைக் கருவேலத்தையும் எடுத்து, நாட்டு மரங்களை வைத்தாலே ஓடை பாதி பிழைத்துவிடும். மயிலுக்கும் நரிக்கும் அங்கே இடம் இருந்தால் வயலில் நெருக்கடி குறையும் என்பது என் நம்பிக்கை.

இந்த வருசம் தூவி விதைப்பதை விட்டுவிட்டு, ரெண்டு அங்குல ஆழத்தில் விதைத்தோம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒரே வாரத்தில் விதைப்பது என்று பேசி வைத்தோம். ஒரே வயலில் மொத்தமும் போகாதில்லையா?

விஷம் வைத்தாரே, அவர் வீட்டுக்கும் போய் ரெண்டு படி கம்பு விதை கொடுத்துவிட்டு வந்தேன். ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார்.