நீர்க்கோட்டுக்குக் கீழே ஓர் அறை

சொகுசுக் கப்பலில் எந்த அறையை எடுப்பது என்ற கேள்வி தமிழ் நடுத்தர வர்க்கத்துக்கு அந்நியமாக இருந்த காலம் போய்விட்டது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே ஒரு சுற்றுலாக் கப்பல் புறப்பட்டது. கேள்வியும் நம் வீட்டுக் கூடங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. விடை சொல்பவர்கள் இரண்டு வகை. விற்பவர்கள் ‘உயரே போங்கள், பால்கனி எடுங்கள்’ என்கிறார்கள். போய்வந்தவர்கள் ‘குமட்டல் வேண்டாமென்றால் நடுவில் எடுங்கள், கீழே எடுங்கள்’ என்கிறார்கள். இரண்டாவது தரப்பே உண்மைக்கு அருகில் இருக்கிறது. ஆனால் இரு தரப்பினரும் அறைத் தேர்வைத் தனிமனித ரசனையாகவோ வயிற்றின் பிரச்சினையாகவோ சுருக்கிவிடுகிறார்கள். கப்பலில் ஒருவர் எங்கே படுத்துறங்குகிறார் என்பது, யாருடைய உயிருக்கும் உறக்கத்துக்கும் என்ன மதிப்பு என்பதன் வரைபடம். இதுவே என் தரப்பு.

முதலில் இயற்பியல். கடலில் கப்பலுக்கு முக்கியமாக இரண்டு ஆட்டங்கள் உண்டு. ஒன்று, இடமும் வலமுமாகச் சாய்வது. மற்றது, அணியமும் பின்பகுதியும் மாறிமாறி எழுந்து தாழ்வது. பூங்காவில் குழந்தைகள் ஆடும் சீசா பலகையை நினைத்துக்கொண்டால் போதும். முனையில் இருப்பவன் மேலும் கீழுமாகப் போய்வருவான். நடுவில் நிற்பவன் அசைவதே அரிது. சாய்வின் கதையும் அதுதான். தென்னையின் அடிமரம் அசையாதபோதும் குருத்து காற்றில் பல அடி போய்வருகிறது. ஆகவே நீளத்தில் நடுப்பகுதி, உயரத்தில் தாழ்ந்த தளம் என்னும் இடத்தில்தான் ஆட்டம் மிகக் குறைவு. அணியத்தில் நங்கூரச் சங்கிலியின் இரைச்சல் உண்டு. பின்பகுதியில் அதிர்வு உண்டு. உணவுக்கூடத்துக்கு நேர்கீழே அறை எடுத்தால் விடியும் முன்பே நாற்காலிகள் இழுபடும் ஓசை கேட்கும். மேலேயும் கீழேயும் அறைகளே உள்ள தளம்தான் அமைதியானது. கப்பல் கட்டுபவர்களுக்கு இது பால பாடம். ஆனாலும் விலைப்பட்டியல் தலைகீழாகவே எழுதப்படுகிறது. அதிகம் ஆடும் உயரத்துக்கு அதிக விலை. ஆடாத ஆழத்துக்குக் குறைந்த விலை.

அப்படியானால் விற்கப்படுவது என்ன? கடல்தான் என்று சொல்வார்கள். 2009இல் வந்த ‘ஒயாசிஸ் ஆஃப் த சீஸ்’ கப்பலின் பால்கனிகளில் ஒரு பகுதி கடலைப் பார்ப்பதில்லை. கப்பலுக்குள்ளேயே வளர்க்கப்பட்ட பூங்காவைப் பார்த்தபடி இருக்கின்றன. 2011இல் வந்த ‘டிஸ்னி ட்ரீம்’ கப்பலில் சன்னலற்ற உள்ளறைகளின் சுவரில் வட்டமான திரை ஒன்று உண்டு. வெளியே பொருத்திய கேமராக்கள் பிடித்தனுப்பும் கடல் அதில் ஓடும். இடையிடையே கேலிச்சித்திரப் பாத்திரங்களும் வந்துபோகும். நடுக்கடலில் இருந்துகொண்டு கடலின் ஒளிபரப்பைப் பார்க்க மனிதனைப் பழக்கிவிட்ட ஒரு தொழில், கடலை விற்கிறது என்று எப்படி நம்புவது? அது விற்பது படிநிலையை. தனக்குக் கீழே இன்னும் சில தளங்கள் இருக்கின்றன என்ற நிச்சயம்தான் மேல்தளத்துப் பயணிக்குக் கிடைக்கும் உண்மையான வசதி.

இந்தப் படிநிலைக்கு ஒரு வரலாறு உண்டு. டைட்டானிக்கில் முதல் வகுப்பு அறைகள் பெரும்பாலும் கப்பலின் நடுவில், மேல்தளங்களில், படகுத் தளத்துக்கு அருகில் இருந்தன. மூன்றாம் வகுப்பில் தனியாக வந்த ஆண்கள் அணியத்திலும், பெண்களும் குடும்பங்களும் பின்பகுதியிலும் தங்கவைக்கப்பட்டார்கள். 1912இல் வெளிவந்த பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையின்படி, முதல் வகுப்பில் பயணம் செய்த 144 பெண்களில் 140 பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பின் 165 பெண்களில் பிழைத்தவர்கள் 76 பேர். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 79 பேரில் 27 பேர். மூன்றாம் வகுப்பினரிடம் பாகுபாடு காட்டப்படவில்லை என்றே அந்த விசாரணை முடிவுசெய்தது. அதை அப்படியே ஏற்றுக்கொள்வோம். ஏற்றுக்கொண்டால் என் வாதம் இன்னும் வலுப்பெறுகிறது. யாரும் யாரையும் தடுக்கவில்லை, எவருக்கும் தீய எண்ணம் இல்லை. ஆயினும் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் மாண்டார்கள் என்றால், அந்த வேலையைச் செய்து முடிக்க அறைகளின் அமைவிடமும் நடைவழிகளும் படிக்கட்டுகளுமே போதுமானவையாக இருந்திருக்கின்றன.

‘அதெல்லாம் பழங்கதை. 1914இல் கடல் உயிர்ப்பாதுகாப்புக்கான முதல் சர்வதேச உடன்படிக்கையே வந்துவிட்டது. இன்று எல்லோருக்கும் படகில் இடம் உண்டு’ என்று ஒருவர் சொல்லக்கூடும். நியாயமான மறுப்பு. ஆனால் ஆபத்து எப்போதும் பனிப்பாறையின் வடிவில்தான் வரும் என்று எந்த விதியும் இல்லை. 2020 பிப்ரவரியில் யோகஹாமாவில் நிறுத்திவைக்கப்பட்ட ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. பயணிகள் அறைகளுக்குள் தனிமைப்படுத்தப்பட்டார்கள். பால்கனி உள்ளவருக்கு வானம் இருந்தது. சன்னலற்ற அறையில் இருந்தவருக்கு, முறைவைத்துத் தளத்தில் உலவ அனுமதிக்கப்பட்ட சிறிது நேரம் மட்டும். ஊழியர்களுக்கோ தனிமையே இல்லை. ஒருவரோடொருவர் அறையைப் பகிர்ந்துகொண்டு, பயணிகளுக்கு உணவு சுமந்தார்கள். பிப்ரவரி 9 வரை ஊழியர்களிடையே உறுதிசெய்யப்பட்ட 20 தொற்றாளர்களில் 16 பேரின் அறைகள் மூன்றாம் தளத்தில் இருந்தன. உணவுப் பணியாளர்கள் வசித்த தளம் அது. அக்கப்பலில் இந்தியர்கள் 138 பேர். அவர்களில் 132 பேர் ஊழியர்கள், பயணிகள் 6 பேர் மட்டுமே. சொகுசுக் கப்பல் பற்றி நாம் பேசும்போது நம் மனம் இயல்பாக எந்த ஆறு பேரோடு சேர்ந்துகொள்கிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013இல் நடைமுறைக்கு வந்தது. சரக்குக் கப்பலில் மாலுமிகளின் படுக்கையறைகள் சுமைக்கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும், சில விலக்குகள் நீங்கலாக ஒவ்வொருவருக்கும் தனியறை வேண்டும் என்கிறது அது. பயணிகள் கப்பலுக்கு இவ்விரண்டும் பொருந்தா. வெளிச்சமும் காற்றோட்டமும் திருப்திகரமாக இருந்தால் ஊழியர்களைச் சுமைக்கோட்டுக்குக் கீழேயும் படுக்கவைக்கலாம். அதாவது, கோதுமை ஏற்றிச்செல்லும் கப்பலில் வேலைசெய்பவனுக்குக் கிடைக்கும் தனிமையும் சூரிய வெளிச்சமும், விடுமுறையை ஏற்றிச்செல்லும் கப்பலில் வேலைசெய்பவனுக்கு உரிமையில்லை. காரணம் ஊகிக்கக் கூடியதே. சரக்குக் கப்பலின் சன்னல்களை வாங்க வேறு ஆள் கிடையாது. சொகுசுக் கப்பலில் ஒவ்வொரு சன்னலுக்கும் விலை உண்டு.

‘ஆட்டம் குறைந்த இடம் ஊழியர்களுக்குத்தானே கிடைக்கிறது?’ என்று புத்திசாலித்தனமாகக் கேட்கும் ஒருவரை எதிர்பார்க்கிறேன். கிடைக்கிறது. ஆனால் பகல் எது இரவு எது என்று தெரியாத அறையில், மாதக்கணக்கில், வார விடுமுறையின்றிப் பணிசெய்து தூங்குபவனுக்கு அது யாரும் விலைகொடுத்து வாங்க விரும்பாததால் ஒதுக்கப்பட்ட இடம். தேர்ந்தெடுத்த தாழ்வும் திணிக்கப்பட்ட தாழ்வும் ஒன்றல்ல.

தமிழர்களுக்கு இது புதிய பாடமும் அன்று. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவர்களைச் சுமந்துசென்றது. அவர்களில் பெரும்பாலோர் தளப் பயணிகள். அறையின் அமைவிடம் பற்றி அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, ஏனெனில் அவர்களுக்கு அறையே இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அறை எண்ணைத் தேர்கிறார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. அந்த மகிழ்ச்சியோடு ஞாபகமறதியும் சேர்ந்துவிடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

எனவே கப்பல் ஏறுபவர்களுக்கு என் பதில் இது. நடுவில், தாழ்ந்த தளத்தில் அறை எடுங்கள். உயரத்துக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்; அந்தப் பணம் படிநிலையைக் காப்பாற்றுவதற்கே போகிறது. முன்பதிவு செய்யும்போது உங்களிடம் காட்டப்படும் தள வரைபடத்தில் ஊழியர் குடியிருப்பு இருக்காது. அவர்கள் எந்தத் தளத்தில், ஓர் அறைக்கு எத்தனை பேராகத் தங்குகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சரக்குக் கப்பல் மாலுமிக்கு உள்ள உரிமை சொகுசுக் கப்பல் ஊழியருக்கும் வேண்டும் என்ற கோரிக்கையைப் பயணிகளே எழுப்ப வேண்டும், ஏனென்றால் நிறுவனங்கள் செவிகொடுப்பது அவர்களுக்கு மட்டும்தான். நம் பயணக் கட்டுரையாளர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பால்கனியிலிருந்து தெரிந்த அஸ்தமனத்தைப் பற்றிப் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. அன்று காலை அந்தப் பால்கனியைத் துடைத்தவர் தன் அறைக்குப் போக எத்தனை படி இறங்கினார் என்று இனி யாராவது எண்ணி எழுதட்டும்.