மாட்டுவதற்கு முன், கழற்ற வருமா?

நம் தொழிலில் விலைப்பட்டியல் எப்போதும் என்ஜினில்தான் தொடங்குகிறது. முதலில் ஸ்டேஜ் ஒன் ரீமேப். அடுத்து இன்டேக், டவுன்பைப், பெரிய இன்டர்கூலர். கையில் காசு மிஞ்சினால் பிரேக், அதற்கும் பிறகு டயர். வாரம் முழுக்க வேலைக்கும் கடைத்தெருவுக்கும் ஓடிவிட்டு, எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் இறங்குகிற காருக்கு இந்த வரிசை பொருந்தாது. அந்தக் கார் கடலோரத்தில் நிற்கிற காராக இருந்தால் இந்த வரிசையில் ஆபத்தும் இருக்கிறது.

இதை விளக்க வேதாரண்யத்தை எடுத்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டில் ஒரு காருக்கு இதைவிடக் கடினமான ஊர் அதிகமில்லை. ஒருபுறம் கடல். மறுபுறம் அகஸ்தியம்பள்ளி, கடிநெல்வயல் வரை விரியும் உப்பளங்கள். உப்பு லாரிகள் சிந்திக்கொண்டு போகும் சாலை. வடக்கிலும் மேற்கிலும் டெல்டாவின் நெல்வயல். டிராக் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. காரை லாரியில் ஏற்றி அனுப்பும் வசதி நம் வாடிக்கையாளர்களில் பலருக்குக் கிடையாது. ஓட்டிக்கொண்டே போய், டிராக்கில் சுற்றிவிட்டு, அதே காரில் வீடு திரும்ப வேண்டும். கார் என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் ஒரு போலோ ஜிடி, ஐ20 என் லைன், ஸ்விஃப்ட், மிஞ்சிப்போனால் ஒரு ஆக்டேவியா ஆர்.எஸ். இந்தியாவில் போலோ உற்பத்தி 2022-இல் நின்றுவிட்டது. இன்று பட்டறைக்கு வரும் ஒவ்வொரு போலோவும் சில ஆண்டுகள் உப்புக்காற்றை வாங்கிய வண்டி.

உப்பு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மழை பெய்தால்தான் துரு பிடிக்கும் என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டினாலே தானாக நீர் உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலோர இரவுகளில் அந்த அளவு எளிதில் வந்துவிடுகிறது. கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம். அதற்கு 33 விழுக்காடு ஈரப்பதமே போதும். வெயிலில் காய்ந்ததுபோல் தெரியும் காரின் அடிப்பகுதியில், சப்ஃப்ரேம் மடிப்புக்குள், எர்த் ஒயர் முனையில், காலிப்பர் பின்னில் ஈரம் விடாமல் வேலை செய்துகொண்டிருக்கும். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்து ஆண்டுக்கணக்கில் அரிமானத்தை ஆராய்ந்திருக்கிறது. நம் கடற்கரையின் காற்று ஆய்வுக்களமாகிற அளவுக்குக் கடுமையானது. அதில்தான் நாம் பளபளக்கும் இறக்குமதி உதிரிகளை மாட்டுகிறோம்.

ஆகவே முதல் செலவு எந்தப் புது உதிரிக்கும் போகக்கூடாது. லிஃப்ட்டில் தூக்கி, எல்லா போல்ட்டையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கழற்ற வருகிற போல்ட் எது, தலை உருண்டுவிட்ட போல்ட் எது என்று எழுதி வையுங்கள். காலிப்பர் ஸ்லைடு பின்கள் கையால் நகர வேண்டும். பிரேக் பைப்பின் உலோகப் பகுதியில் துரு கொப்புளித்திருந்தால் வேறு எந்தப் பேச்சுக்கும் முன் அதை மாற்ற வேண்டும். துருவின் மேல் ரப்பர் கோட்டிங் அடித்துக் கொடுக்கிற பழக்கத்தை விட்டுவிடுவோம். அது உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டுகிறது. சுத்தம் செய்து, குழிவுகளுக்குள் மெழுகு வகைப் பூச்சைத் தெளித்து, வடிகால் துளைகளைத் திறந்து விடுவதே சரி.

வாட்டர் வாஷ் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேதாரண்யம் பகுதியில் நிலத்தடி நீர் உவர்ப்பு. குடிநீரே கொள்ளிடம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில்தான் வருகிறது. போர் தண்ணீரில் கார் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாகும். டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான். உங்கள் பட்டறைத் தண்ணீரை அளந்து பாருங்கள். மோசமாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் வையுங்கள்.

இனி பிரேக். ஓட்டுநரோடு 1,200 கிலோ எடையுள்ள கார் 160 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது ஏறத்தாழ 0.89 மெகாஜூல் ஆற்றல் சூடாகிறது. அதில் எழுபது விழுக்காடு முன்பக்கம் போகிறது, முன் டிஸ்க் ஒன்று 6 கிலோ என்று வைத்தால், ஒரே அழுத்தத்தில் டிஸ்க்கின் சூடு நூறு டிகிரிக்கு மேல் ஏறும். இப்போது ரீமேப் செய்து, அதே இடத்தில் கார் 176 கி.மீ. தொடுகிறது என்போம். வேகம் 10 விழுக்காடுதான் கூடியது. 80-க்கு இறங்கப் பிரேக் விழுங்க வேண்டிய சூடோ 28 விழுக்காடு கூடிவிட்டது. என்ஜினை முதலில் தொடாதீர்கள் என்று சொல்வதற்கு இந்தக் கணக்கே போதும்.

இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். சித்திரை வைகாசி வெயிலில் அங்கே பிரேக் ஆற அவகாசமே கிடைப்பதில்லை. இங்கேதான் உப்புக்காற்று ஊரின் இன்னொரு முகம் தெரிகிறது. பிரேக் ஆயில் ஈரம் உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவரையறை. ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 155 டிகிரிக்கு விழுந்துவிடுகிறது. டாட் 5.1-இல் இவை 260, 180. ஈரக்காற்றில் நின்ற காரின் பழைய ஆயிலோடு டிராக்கில் இறங்குகிறவரின் பெடல் நான்காவது லேப்பில் தரைவரை போவது விதியல்ல, நாம் செய்யாமல் விட்ட வேலை. 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேஸ் ஆயிலை ஊற்றிவிட்டால் கவலையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அவற்றில் பல, ஈரத்தை வேகமாக வாங்கக்கூடியவை. மாதக்கணக்கில் தெருவில் ஓடும் காருக்கு நல்ல டாட் 5.1 ஊற்றி, ஒவ்வொரு டிராக் நாளுக்கும் முன் மாற்றிவிடுவது மேல். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு சரக்கு.

பேட் தேர்விலும் இரட்டை வாழ்க்கை உண்டு. முழு ரேஸ் பேட் குளிர்ந்த நிலையில் பிடிக்காது. காலையில் பள்ளி வாசலில் குழந்தையை இறக்கிவிடும்போது அதுதான் ஆபத்து. அதன் உலோகத் தூள் நனைந்தால் வீலில் ஒட்டித் துருவாகப் படரும். உப்பு சேர்ந்தால் பெயின்ட்டையே தின்னும். நடுத்தர வெப்ப எல்லையுள்ள பேடைத் தெருவுக்கு வைத்து, டிராக் பேடைத் தனிப் பெட்டியில் எடுத்துப்போய் அங்கே மாற்றுவது நல்ல வழி. அதற்குக் காலிப்பர் பின் இலகுவாகக் கழல வேண்டும். பெரிய பிரேக் கிட் வாங்கும் காசில் இந்த இரண்டு செட் பேடும் நல்ல டயரும் வந்துவிடும்.

டயரில் நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றுதான்: ஐப்பசி, கார்த்திகை மழையை நினைத்து வாங்குங்கள். டெல்டாச் சாலைகளில் தண்ணீர் தேங்கும். பூ குறைந்த, மென்மையான டிராக் டயரோடு திருத்துறைப்பூண்டிச் சாலையில் இரவில் போகச் சொல்ல எந்தப் பட்டறைக்கும் உரிமையில்லை. முன் கேம்பரை மைனஸ் 2 டிகிரி அளவுக்குக் கொண்டுபோகலாம். டோ சரியாக இருந்தால் டயரின் உள்விளிம்பு தாங்கும். கேம்பரைவிட டயரைத் தின்பது தவறான டோதான்.

சஸ்பென்ஷனில்தான் உப்பு நம்மைத் தோற்கடிக்கிறது. உயரம் மாற்றும் காயில் ஓவர் செட்டை மாட்டிய நாளில் அது அழகு. இரண்டு மழைக்காலம் கழித்து அதன் மரைகள் உப்பில் கட்டிப்பிடித்துக்கொண்டால், ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிய அந்த உயரம் மாற்றும் வசதி இல்லாமலே போய்விடுகிறது. மரையை மூடும் உறை, ஆண்டுக்கு இருமுறை கழற்றிச் சுத்தம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே அதை மாட்ட வேண்டும். முடியாது என்றால், நல்ல ஷாக் அப்சார்பரும் சற்றே விறைப்பான ஸ்பிரிங்கும் போதும். உயரத்தைப் பெரிதாகக் குறைக்காதீர்கள். வேகத்தடைகள் ஒரு காரணம். இன்னொரு காரணம் டெல்டாவுக்கே உரியது. அறுவடை முடிந்ததும் நெல்லும் உளுந்தும் பயறும் தார்ச்சாலையிலேயே காய்கின்றன. செடியோடு பரப்பி, வண்டிகள் ஏறிப் போவதில் அடிபடட்டும் என்று விடுகிறார்கள். தாழ்ந்த காரின் அடியில் அந்தச் சருகும் வைக்கோலும் சுற்றிக்கொள்ளும். வெப்பத் தகட்டை எடுத்துவிட்டு டவுன்பைப் மாட்டிய காரில் அது புகைந்து தீப்பிடிக்கும். வெப்பத் தகடுகளை ஒருபோதும் கழற்றிப் போடாதீர்கள். அடித்தட்டையும் திரும்ப மாட்டுங்கள்.

உலோகச் சேர்க்கையும் கவனிக்க வேண்டியது. அலுமினியப் பாகத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் துருப்பிடிக்காது என்று பெருமையாக மாட்டுகிறோம். உப்புநீர் நடுவில் வந்தால் அரிபடுவது அலுமினியம், மரை இறுகிப்போகும். கார்பன் ஃபைபரை அலுமினியத்தோடு நேரடியாகச் சேர்த்தால் இன்னும் வேகமாக அரிக்கும். செம்பு கலந்த பசையை அலுமினியத்தில் பூசாதீர்கள். நிக்கல் அல்லது அலுமினியம் கலந்த பசை எடுங்கள். பசை பூசினால் முறுக்கு அளவு குறைய வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். வீல் போல்ட்டில் தயாரிப்பாளர் சொல்லாமல் எதையும் பூச வேண்டாம். உதிரி வாங்கும்போது வெறும் துத்தநாகப் பூச்சைவிடத் துத்தநாக நிக்கல் பூச்சைக் கேளுங்கள். டப்பாவில் அச்சிட்டிருக்கும் உப்புத்தூவல் சோதனை மணிக்கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கலாமே தவிர, இத்தனை வருடம் தாங்கும் என்று கணக்குப் போடக்கூடாது. அந்தச் சோதனை 35 டிகிரியில் விடாமல் தெளிப்பது. நம் ஊரில் நனைந்து காய்ந்து மறுபடி நனைகிறது.

என்ஜின் கடைசியில். அதிலும் முதலில் குளிர்ச்சி: நல்ல ரேடியேட்டர், புது கூலன்ட், ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர். ரேடியேட்டர், இன்டர்கூலர் இரண்டின் அலுமினிய இதழ்களும் உப்பில் பொடிந்துபோகும். அவற்றை விரலால் தொட்டுப் பாருங்கள். திறந்த கூம்பு ஃபில்டர் இந்தக் காற்றுக்கு வேண்டவே வேண்டாம். ரீமேப் செய்வதானால் வாடிக்கையாளரின் வீட்டருகே உள்ள பங்கில் கிடைக்கும் பெட்ரோலுக்கே செய்யுங்கள். 100 ஆக்டேன் பெட்ரோல் சென்னை போன்ற நகரங்களில் சில பங்குகளில் கிடைக்கலாம். அதை நம்பி எழுதிய மேப்போடு வேதாரண்யத்தில் சாதாரண பெட்ரோல் ஊற்றினால் என்ஜின் தட்டும். இப்போது வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். ஆக்டேன் கூடியிருக்கிறது. ஆனால் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, காற்றுக்கு ஏற்ற எரிபொருள் அளவும் வேறு. இன்ஜெக்டரும் பம்ப்பும் ஏற்கனவே எல்லையில் இருந்தால் மேப் அதற்கு மேல் கேட்கக்கூடாது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார்களில் ரப்பர் குழாய்களையும் பாருங்கள்.

கூண்டும் பெல்ட்டும் கேட்கிற இளைஞர்களுக்கு நாம் தைரியமாக மறுப்புச் சொல்ல வேண்டும். தினமும் ஓடும் காரில் தலைக்கருகே இரும்புக் குழாய் இருந்தால், ஹெல்மெட் இல்லாத தலைக்குச் சிறு விபத்தே போதும். சாதாரண இருக்கையில் நாலு முனை பெல்ட் கட்டினால் மோதலில் உடல் அடியில் நழுவும். டிராக்குக்கு மட்டுமான கார் என்றால் கூண்டு உயிர் காக்கும். இது அந்தக் கார் அல்ல.

சட்டத்தையும் பில் எழுதும் முன்பே சொல்லிவிட வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளரின் அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. காப்பீட்டுப் பாலிசி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கியே எழுதப்படுகிறது. டிராக்கில் இடித்தால் அந்தச் செலவு அவர் பாடு. இதை மறைத்து வேலை எடுக்கும் பட்டறை வாடிக்கையாளரை ஏமாற்றுகிறது. பேட், ஆயில், டயர், ஷாக், கூலிங் என்று நாங்கள் முன்வைக்கும் வரிசையில் பெரும்பகுதி, சரியான அளவிலும் தரத்திலும் எடுத்தால், இந்தச் சிக்கலில் மாட்டாத வேலை என்பதையும் கவனியுங்கள்.

அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கத்தைக் கழற்றிய உதிரிகளுக்கு ஒதுக்குகிறோம். எந்த ஊர்க் கார், எந்த உதிரி, எப்போது மாட்டியது, எப்போது கழற்றியது, ஸ்பேனரில் வந்ததா, கேஸ் வைத்துச் சூடாக்க வேண்டி வந்ததா, அறுத்தே எடுத்தீர்களா என்ற விவரங்களோடு படம் அனுப்புங்கள். நாகப்பட்டினம், காரைக்கால், முத்துப்பேட்டை, தூத்துக்குடி, ராமேஸ்வரம் பட்டறைகளின் பதிவுகளை முதலில் எதிர்பார்க்கிறோம்.