எழுபத்திரண்டில் ஒரு பங்கு



“டிப்ளமோ படிக்கிற பையன் பொம்மை செஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கானே!” கோடை விடுமுறையில் கொல்லிமலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பெரியப்பா சொன்ன வார்த்தை இது. என் கையில் இருந்தது ஒரு சில்வர் ஓக் கட்டை. எங்கள் மலையில் மிளகுக் கொடி ஏற்றி விடுகிற அதே மரம்தான். அதில் நான் செதுக்கிக்கொண்டிருந்தது மாருத் போர் விமானத்தின் மாதிரி. அது பொம்மையா, படிப்பா? என் கருத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மாருத், இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானம். பெங்களூர் எச்.ஏ.எல். நிறுவனத்தில் ஜெர்மானியப் பொறியாளர் கர்ட் டாங்க் தலைமையில் வடிவம் பெற்று, 1961 ஜூன் மாதம் முதன்முதலாகப் பறந்தது. 1971 போரிலும் பங்கெடுத்தது. இன்டஸ்ட்ரியல் விசிட் போனபோது எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் அதை நேரில் பார்த்தேன். செய்தால் இதைத்தான் செய்வது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மலையில் மாடல் கிட் விற்கும் கடை ஏது? கட்டை, உளி, உப்புத்தாள், ஸ்கேல், இவ்வளவுதான் முதலீடு. 1:72 அளவை எடுத்துக்கொண்டேன். அதாவது ஆறடிக்கு ஒரு அங்குலம். விமானத்தின் நீளம் 15.87 மீட்டர், மாதிரியில் 220 மில்லிமீட்டர். இறக்கை அகலம் 9 மீட்டர், மாதிரியில் 125. பிளான், எலிவேஷன், சைடு வியூ மூன்றையும் வரைந்தேன். உடல் பகுதிக்கு அட்டையில் டெம்ப்ளேட் வெட்டி, வைத்து வைத்துப் பார்த்துச் செதுக்கினேன். முதலாம் ஆண்டு டிராயிங் வகுப்பில் புரியாத செக்‌ஷனல் வியூ, நண்பர்களே, திண்ணையில்தான் புரிந்தது!

நுணுக்க வேலையில்தான் மாட்டிக்கொண்டேன். தகடுகள் சேரும் கோடுகளை 0.5 மில்லிமீட்டர் பென்சிலால் அழுத்தமாக வரைந்தேன். பார்க்க ஜோராக இருந்தது. பிறகு 72-ஆல் பெருக்கிப் பார்த்தேன். 36 மில்லிமீட்டர்! தகட்டுக்குத் தகடு இரண்டு விரல் சந்து இருந்தால் அது விமானமா, வேலிப் படலா? அத்தனையையும் தேய்த்து அழித்தேன். மூக்கில் இருக்கும் நான்கு 30 மில்லிமீட்டர் பீரங்கிகளின் வாய், மாதிரியில் 0.4 மில்லிமீட்டர்தான். தையல் ஊசியின் முனையால் ஒரு குத்து, அவ்வளவே.

கடைசியில், மிடுக்காக இருக்கட்டுமே என்று இறக்கைக்குக் கீழே நான்கு ஏவுகணைகளை ஒட்டினேன். பக்கத்து வீட்டுத் தச்சர் மாமா வந்து பார்த்தார். “தம்பி, நெசமான பிளேன்ல இது இருந்துச்சா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் பார்த்த எந்தப் படத்திலும் இல்லை. தலை குனிந்தேன். அன்று ராத்திரியே நான்கையும் பிடுங்கிப் போட்டேன்.

என் கருத்து இங்கேதான் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் லேப் ரெக்கார்டில் ரீடிங்கைப் பார்த்து எழுதுகிறோம்? எத்தனை பேர் இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கிப் பெயரை மட்டும் எழுதிக்கொள்கிறோம்? அவையும் நான் ஒட்டிய ஏவுகணைகள்தானே! பார்வைக்கு மிடுக்கு; உள்ளே பொய். சொந்தக் கையால் ஒரு மாதிரியைச் செய்பவனுக்கு இந்தப் பொய் சீக்கிரம் கசந்துவிடும்.

பொம்மை என்று சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி. மாருத்தை உலோகத்தில் செய்வதற்கு முன், அதே அளவில் மரத்தாலான ஒரு கிளைடரைச் செய்து, 1959-இல் டகோட்டா விமானத்தால் இழுத்துப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். அவர்கள் செய்ததும் மர மாதிரிதான்!

ஆனால் மாருத்தின் கதையில் ஒரு வலியும் உண்டு. ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தை எண்ணி வடிவமைத்த விமானத்துக்கு, அதற்கேற்ற சக்தியுள்ள எஞ்சின் கடைசி வரை கிடைக்கவில்லை. இரண்டு ஆர்ஃபியஸ் எஞ்சின்களை வைத்தே ஒப்பேற்ற வேண்டியதாயிற்று. 2001-இல் முதன்முதலாகப் பறந்த நம் தேஜஸ் விமானத்துக்கும் எஞ்சின் அமெரிக்காவிலிருந்துதான் வந்தது. என் மாதிரியின் வால்பக்கம் திருப்பிப் பாருங்கள். இரண்டு ஓட்டைகள், உள்ளே வெறும் கட்டை! அந்த ஓட்டையை நிரப்பப் போகிற கை, லேத்தில் நிற்கும் நம் கைகளில் ஒன்றாக ஏன் இருக்கக் கூடாது?

வரும் ஆண்டு விழாவில் துறைக்கு ஒரு மாதிரி என்று நாமே செய்து வைக்க மாணவர் மன்றம் ஒரு மேசை ஒதுக்கட்டும். விமானம்தான் வேண்டும் என்பதில்லை. பம்ப்செட்டாகவும் இருக்கலாம், பாலமாகவும் இருக்கலாம். அளவு சரியாக இருக்கட்டும். இல்லாததை ஒட்டாமல் இருப்போம்!

– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை